சேற்றுக்குள் வாழும் சிவப்பு உளுவை: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பழவேற்காட்டிலிருந்து:

ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்துப் பக்கம் இறாலுக்கு வலை போட்டால், சேற்றோடு சேர்ந்து அவ்வப்போது ஒரு சிவந்த மீன் ஏறும். சாண் நீளம், விரல் பருமன். எங்கள் கரையில் அதைக் கண்டதும் "பாம்புக் குட்டி" என்று துடுப்பால் ஒரே அடி. பிறகு காக்காய் கொத்திக்கொண்டு போகும். பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன். அது பாம்பும் இல்லை, விலாங்கும் இல்லை. உளுவைச் சாதி, தண்ணீருக்கு அடியில் தரையை ஒட்டி வாழும் மீன் வகை.

போன ஐப்பசியில் ஒன்று உயிரோடு கிடைத்தது. வெள்ளை பேசினில் ஏரித் தண்ணீர் ஊற்றி விட்டுப் பார்த்தேன். முதலில் கண்ணே இல்லை என்றுதான் நினைத்தேன். உற்றுப் பார்த்தால் கடுகை விடச் சின்னதாக இரண்டு கரும்புள்ளி. முதுகுத் துடுப்பு, வால், அடித்துடுப்பு மூன்றும் தனித்தனியாக இல்லாமல் ஒரே நாடாவாக ஓடுகிறது. நெஞ்சுக்குக் கீழே இரண்டு துடுப்பு ஒட்டிக் குட்டிப் புனல் போல் இருக்கிறது. விலாங்குக்கு அந்த இடத்தில் துடுப்பே கிடையாது. செவுள் மூடிக்கு மேலே பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னப் பை மாதிரி ஒரு குழி. மீன்வளம் படிக்கும் அக்கா மகளுக்குப் படம் அனுப்பினேன். அந்தக் குழியை வைத்துத்தான் அவள் டிரைப்பாச்சென் என்கிற உளுவை வகை என்று அடையாளம் சொன்னாள். 1801இலேயே இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார்களாம். சகதியில் பொந்து தோண்டி அதற்குள்ளேயே காலம் தள்ளுகிற மீனுக்குப் பெரிய கண் எதற்கு?

பேசினில் அது ஒரு நிமிஷம்கூட நிலையாக இருக்கவில்லை. மூலை மூலையாகத் தலையை முட்டி, புக இடம் தேடிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் சேறு அள்ளிப் போட்டதும் தலையைச் செருகி அடங்கிவிட்டது. அப்புறம் வலை போட்ட இடத்துக்கே கொண்டுபோய் விட்டேன்.

தடா பக்கத்திலிருந்து:

அண்ணே, எங்கள் இறால் குட்டையிலும் இந்த வகையறா உண்டு. அறுவடைக்குத் தண்ணீரை வடித்தபோது அடிச்சேற்றில் நெளிந்தது. வேலைக்கு வந்திருந்தவர்கள் "பாமு, பாமு" என்று கரையேறிவிட்டார்கள். ஆனால் இது சிவப்பு இல்லை, ஊதா கலந்த பழுப்பு. முகவாய்க்குக் கீழே குட்டிக் குட்டி மீசை, உதட்டுக்கு வெளியே வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் பல். அந்தக் குழியும் இல்லை. விசாரித்ததில் டேனியாய்ட்ஸ் என்கிற இன்னொரு உளுவை வகை என்றார்கள். பல்லைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும், ஆனால் அது விஷப்பல் இல்லை. மழைக்காலத்தில் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகி, கோடையில் கடலை விட உப்புக் கரிக்கிற ஏரி நம்முடையது. அந்த ஏரியிலிருந்துதான் குட்டைக்கு வந்திருக்க வேண்டும். பக்கிங்காம் கால்வாய் ஓரச் சேற்றில் தெரிகிற பொந்துகளை எல்லாம் நண்டு வளை என்றே நினைத்திருந்தேன், இப்போது நின்று பார்க்கத் தோன்றுகிறது.

சூளூர்ப்பேட்டையிலிருந்து:

தம்பி, நீங்கள் பயந்து அடிக்கிற மீனின் பங்காளியை ஜப்பானில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். என் வீட்டுக்காரர் வேலைக்காகக் கியூஷூ தீவில் இருந்தபோது நானும் கூடப் போயிருந்தேன். அங்கே அரியாகே என்று ஒரு கடல். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே 6 மீட்டர் வரை வித்தியாசம் வரும். தண்ணீர் இறங்கினால் கண்ணுக்கெட்டிய வரை சேறு. அந்தச் சேற்று மீனுக்கு வரசுபோ என்று பெயர். கடையில் கருவாடாகத் தொங்கும். கண் தெரியாது, வாய் நிறையப் பல். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் குலை நடுங்கியது. நெருப்பில் வாட்டிக் கொடுத்தார்கள். நம் நெத்திலிக் கருவாட்டுக்கு ஈடு சொல்ல மாட்டேன், ஆனால் நல்ல ருசிதான்.

இன்னொன்றும் அங்கே கேள்விப்பட்டேன். வற்றத்தில் பொந்துக்குள் இருக்கிற தண்ணீரில் மூச்சுக் காற்று குறைந்துவிடும். அப்போது அந்த மீன் பொந்தின் வாய்க்கு ஏறி வந்து, வெளிக்காற்றை வாய் நிறைய எடுத்துக்கொள்ளுமாம். நம் மீன் வேறு இனம், அதுவும் அப்படிச் செய்யுமா என்று பார்க்கத்தான் ஆசை. தண்ணீர் இறங்கும் நேரத்தில் முகத்துவாரத்துப் பக்கம் நிற்பவர்கள் கொஞ்சம் கவனித்துச் சொல்லுங்கள், முடிந்தால் படமும் எடுத்துப் போடுங்கள்.