புதுப்பிப்பு: பாட்டும் கையசைவுமாக மெய்யெழுத்துகள்

எங்கள் வீட்டுவழிக் கல்விக் குழுவின் பிள்ளைகளுக்கு 18 மெய்யெழுத்துகளின் இனப்பிரிவைப் பாட்டாகக் கற்றுத் தரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அசைவையும் சேருங்கள் என்று பலர் எழுதியிருந்தீர்கள். சேர்த்தோம். நல்ல பலன்.

அசைவுகளுக்காக மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. வல்லினம் மார்பிலும் மெல்லினம் மூக்கிலும் இடையினம் கழுத்திலும் பிறக்கின்றன என்று நன்னூலே சொல்லிவிடுகிறது. கசடதபற என்று பாடும்போது நெஞ்சில் கை. ஙஞணநமன என்றால் மூக்கில் விரல். யரலவழள என்றால் தொண்டையில். மூக்கைப் பொத்திக்கொண்டு 'ம்' சொல்லிப் பார்க்கச் சொன்னேன். ஓசை சட்டென்று அடைபட்டதும் ஆறு வயதுக்காரி ஒருத்தி, "அக்கா, ம் மூக்குக்குள்ளேதான் இருக்கிறது!" என்று கத்தினாள். அவளுக்கு இனி மெல்லினம் மறக்காது.

ஆனால் 'ழ் எந்த இனம்?' என்று தனியாகக் கேட்டால், சிலர் முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்துதான் பதில் சொன்னார்கள். மனப்பாடம் அத்தோடு நின்றால் போதாது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இப்போது பாட்டு முடிந்ததும் ஏதாவது ஓர் எழுத்தைச் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு, வாய் திறக்காமல், உரிய இடத்தைத் தொட வேண்டும். பெரிய பிள்ளைகளைப் பார்த்துச் சின்னவர்கள் செய்வதும் இதனால் நின்றது.

பெருக்கல் வாய்ப்பாட்டையும் இப்படிக் கற்றுத் தரலாமா என்று கேட்டவர்களுக்கு: 2, 5, 10 வாய்ப்பாடுகள் கைதட்டலிலேயே வந்துவிட்டன. 7 மட்டும் முரண்டு பிடிக்கிறது. அடுத்த வாரம் 'தகிட தகதிமி' என்று ஏழாக எண்ணும் மிச்ரசாபு தாளத்தில் முயலப் போகிறோம்.