புல்தரையை எடுத்ததற்கு எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்க) நோட்டீஸ் (கலிபோர்னியா)

கேள்வி: முன்முற்றம்
வணக்கம். எச்.ஓ.ஏ. உள்ள குடியிருப்பில் தனி வீடு. முன்பக்கப் புல்லை எடுத்துவிட்டு, தண்ணீர் அதிகம் கேட்காத செடிகள் வைக்கும் வேலை பாதியில் இருக்கிறது. மேனேஜர் போனில் சரி என்றார், எழுத்தில் எதுவும் இல்லை. இப்போது போர்டு முன் விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ். புல்லைத் திரும்பப் போட்டே ஆக வேண்டுமா? அதுவரை மாத டியூஸை (சங்கக் கட்டணத்தை) நிறுத்தி வைக்கலாமா?

பதில்: சட்டப்புள்ளி
டியூஸை மட்டும் நிறுத்தாதீர்கள். கட்டாத டியூஸுக்காக வீட்டின் மேல் லீன் (பாக்கிக்கு வீட்டையே ஈடாகப் பதிவது) போடலாம். பாக்கி 1,800 டாலரைத் தொட்டாலோ 12 மாதத்தைத் தாண்டினாலோ வீட்டை ஏலம் விடும் நடவடிக்கைக்கும் போகலாம். விதிமீறல் அபராதத்தை வைத்து, கோர்ட்டுக்குப் போகாமல் அப்படி ஏலம் விட முடியாது. சண்டை அபராதத்தோடு நிற்கட்டும்.

நோட்டீஸில் தேதியைப் பாருங்கள். விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பே, என்ன மீறல் என்று குறிப்பிட்டு வந்திருக்க வேண்டும். 2025 ஜூன் 30 முதல், உடல்நலமோ பாதுகாப்போ சம்பந்தப்படாத மீறலுக்கு அபராதம் 100 டாலரைத் தாண்டக் கூடாது. விசாரணைக்கு முன்பே குறையைச் சரிசெய்துவிட்டால் அபராதமே போட முடியாது. அதற்குள் முடிக்க முடியாத வேலை என்றால், பணம் ஒதுக்கியதற்கான ஆதாரத்தை, உதாரணமாகக் காண்ட்ராக்டரிடம் போட்ட ஒப்பந்தத்தை, கொடுங்கள்.

பதில்: சொட்டுநீர்
புல்லைத் திரும்பப் போட வேண்டாம். சிவில் கோட் 4735-இன்படி, புல்லுக்குப் பதிலாகக் குறைந்த நீர்ச் செடிகள் வைப்பதை எச்.ஓ.ஏ. தடுக்க முடியாது. செயற்கைப் புல்லுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஆனால் எந்தச் செடி, எவ்வளவு உயரம், எந்த நிற மல்ச் (மண்மேல் பரப்பும் மூடாக்கு) என்று வடிவமைப்பு விதி வைக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. பலர் வழுக்குவது இங்கேதான்: சட்டத்தைக் காட்டிவிட்டு, மாற்றத்துக்கு எச்.ஓ.ஏ.விடம் அனுமதி கேட்கும் விண்ணப்பம் போடாமல் விடுகிறார்கள்.

விண்ணப்பத்தை இன்றே கொடுங்கள். அளவோடு ஒரு வரைபடம், செடிகளின் தாவரவியல் பெயர், முழு வளர்ச்சியில் உயரமும் அகலமும், மல்ச் வகை, சொட்டுநீர்க் குழாய் போகும் பாதை இவ்வளவும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் "முழுமையற்றது" என்று திருப்பி அனுப்புவார்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மறுத்தது போர்டு அல்ல, விண்ணப்பங்களைப் பார்க்கும் கமிட்டி என்றால், போர்டு திறந்த கூட்டத்தில் மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம். மேனேஜர் போனில் சொன்னதை, "இன்ன தேதியில் நீங்கள் சொன்னபடி" என்று ஈமெயிலில் எழுதி அனுப்பிவையுங்கள்.

வெறும் மண்ணும் காய்ந்த புல்லும்தான் புகாரைக் கொண்டுவரும். வரைபடத்தில் காட்டிய அதே மல்ச்சை இப்போதே 3 அங்குலம் பரப்பினால் முற்றம் பராமரிப்பில் இருப்பது தெரியும். தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், அழுகும்.

முன்முற்றம்
நன்றி. பழைய ஸ்பிரிங்க்ளர் லைனிலேயே சொட்டுநீரை இணைக்கலாமா?

பதில்: சொட்டுநீர்
இணைக்கலாம், ஃபில்டரும் 25–30 பி.எஸ்.ஐ. பிரஷர் ரெகுலேட்டரும் போட்டால். இல்லாவிட்டால் எமிட்டர் (நீர் சொட்டும் முனை) அடைக்கும், இணைப்புகள் பிய்த்துக்கொள்ளும். மீதி ஸ்பிரே தலைகளை மூடிவிடுங்கள். ஒரே வால்வில் ஸ்பிரேயும் சொட்டும் சேர்ந்தால், ஸ்பிரேக்குப் போதுமான நிமிடங்களில் சொட்டுநீர் வேருக்கே இறங்காது. இன்னொன்று: உங்கள் வீட்டுக்கு நீர் வழங்கும் நிறுவனம் மறுசுழற்சி நீர் கொடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நீர் வந்தும் அதைத் தோட்டத்துக்குப் பயன்படுத்தாவிட்டால், வறட்சிக் காலத்தில் புல்லுக்கு நீர் விடாததற்கு அபராதம் கூடாது என்ற பாதுகாப்பு செல்லாது.