‘மிதவைச் சட்டை’ வேண்டாம்: பிசிடிக்கு ஒரு கலைச்சொல்

வணக்கம் நண்பர்களே,

முதுகில் காற்றுச் சிலிண்டரோடு முக்குளிக்கும் ஸ்கூபாக்காரர்கள், மிதப்பைச் சரிசெய்யக் காற்றை நிரப்பியும் நீக்கியும் பயன்படுத்த அணியும் கருவி ‘பாயன்சி காம்பன்சேட்டர்’, சுருக்கமாகப் பிசிடி. நம் கலைச்சொல் இழையில் அதற்கு ‘மிதவைச் சட்டை’ என்று பெயர் வைத்து முடித்துவிடலாம் என்ற பக்கம் பேச்சு சாய்கிறது. முடிப்பதற்குள் என் மறுப்பைப் பதிந்துவிடுகிறேன்.

சொல் அழகுதான். ஆனால் அது ஏற்கெனவே வேறொன்றுக்குப் பட்டா போட்ட சொல். படகில் ஏறும்போது ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை மாட்டிவிடுகிறார்களே, அந்த உயிர்காப்புச் சட்டையைத்தான் யாரும் முதலில் நினைப்பார்கள். நல்ல உயிர்காப்புச் சட்டை மயங்கிக் கிடப்பவரையும் மல்லாத்தி, முகத்தைத் தண்ணீருக்கு மேல் வைக்கப் பார்க்கும். பிசிடி அப்படி எந்த உறுதியும் தராது. முதுகுப் பக்கம் மட்டும் காற்று நிரம்பும் வகை பிசிடியோ, நீர்மட்டத்தில் அளவுக்கு மீறி ஊதினால் ஆளை முன்பக்கம் கவிழ்க்கவே பார்க்கும். பெயரை நம்பி வாங்குகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது, எல்லா பிசிடியும் சட்டை இல்லை. 1960களில் பிரான்சின் ஃபென்சி வகை கழுத்தில் மாட்டி நெஞ்சில் தொங்கியது. கையில்லாச் சட்டை வடிவம் அதற்கு அப்புறம்தான் வந்தது. இன்று ஆழ முக்குளிப்பவர்கள் பலர் ஓர் உலோகத் தகடு, வார்ப்பட்டை, சிலிண்டருக்கும் தகடுக்கும் நடுவில் ஒரு காற்றுப்பை, அவ்வளவுதான் அணிகிறார்கள். அவர்கள் அதைச் ‘சிறகு’ என்கிறார்கள். அதில் சட்டை எங்கே இருக்கிறது? எல்லா வடிவத்துக்கும் பொதுவாக இருப்பது பை ஒன்றுதான்.

சரி, அந்தப் பை என்ன செய்கிறது? மிதக்க வைக்கிறது என்றால் பாதிதான் உண்மை. குளிருக்காக அணியும் நியோப்ரீன் ரப்பர் உடுப்புக்குள் நுண்குமிழ்கள் இருக்கின்றன. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. குமிழ்கள் நசுங்கி உடுப்பின் மிதப்பு குறைகிறது. ஆள் கல்லாகிறார். அந்த இழப்புக்கு ஈடாகப் பையில் கொஞ்சம் காற்று. சிலிண்டரில் நடப்பது நேர்மாறு. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றின் எடை இரண்டரைக் கிலோவைத் தாண்டும். மூச்சுவிட விட அந்த எடை போகிறது. அலுமினியச் சிலிண்டர் கடைசியில் மிதக்கவே தொடங்கிவிடும். அப்போதும், மேலேறும் வழியில் சில நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தில், 5 மீட்டரில் ஆடாமல் நிற்க வேண்டும் என்று, அந்த எடைக்கும் சேர்த்துத்தான் இடுப்பில் ஈயக் குண்டு கட்டுகிறார்கள். அதனால் தொடக்கத்தில் ஆள் கனமாக இருப்பார். அதற்கும் பைதான் ஈடு. மூழ்காமல், மேலேயும் போகாமல், அந்தரத்தில் நிற்பதுதான் இதன் முழு வேலை.

எனவே ‘காம்பன்சேட்டர்’ சொல்லும் ‘ஈடு’ என்ற பாதியை விட்டுவிட்டு ‘மிதவை’ என்ற பாதியை மட்டும் வைத்துக்கொள்வது சரியில்லை. ‘மிதப்புச் சமனி’யும் இங்கே முன்வந்தது. எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் முக்குளிப்பவர்கள் இறங்கும்போது மூக்கைப் பிடித்து ஊதிக் காதழுத்தத்தைச் சமன் செய்கிறார்கள். ‘சமன் செய்’ என்று சைகை காட்டினால் காதா, பையா? நீருக்கடியில் இந்தக் குழப்பம் வேண்டாம்.

‘மிதப்பீடு’ என்று ஒருவர் சுருக்கினார். கைப்பேசி அதை ‘மதிப்பீடு’ ஆக்காமல் விடாது.

முத்துக்குளிப்பவர்கள், சங்குகுளிப்பவர்களிடம் பழைய சொல் கிடைக்கும் என்ற யோசனை நல்லதுதான், ஆனால் இந்த இடத்தில் பயன்படாது. பழைய முறையில் குளியாள் கயிற்றில் கட்டிய கல்லோடு இறங்குவார், தரை தொட்டதும் கல்லை விட்டுவிடுவார், மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். அந்தத் தொழிலில் நடுநீரில் நிற்க வேண்டிய தேவையே இல்லை. ‘குளியாள்’ என்பதை டைவருக்கு எடுத்துக்கொள்ளலாம். அது தனி இழை.

என் முன்மொழிவு: மிதப்பு ஈட்டுப்பை. சுருக்கமாக ஈட்டுப்பை. வகைகள்: சட்டை வகை, சிறகு வகை, கழுத்து வகை. இலங்கைப் பாடநூல்களில் ‘மேலுதைப்பு’ என்ற சொல் உண்டு. அது விசையின் பெயர், இங்கே தேவையில்லை. புதுச்சேரியிலோ திருகோணமலையிலோ படகில் ‘பிசிடி போட்டாச்சா’ என்றுதான் கேட்பார்கள், நம் சொல் வந்தாலும் கேட்பார்கள். வாங்குவோருக்கான குறிப்பு, பயிற்சிக் கையேடு, கலைக்களஞ்சியம், இவற்றுக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

வாங்குவோர் என்றதும் ‘தூக்குதிறன்’ வருகிறது. பை எத்தனை கிலோவைத் தாங்கும் என்பது. இதற்கு வேறு சொல் தேட வேண்டாம். வெதுவெதுப்பான கடலில் 3 மி.மீ. தடிமன் உடுப்பும் ஒற்றைச் சிலிண்டரும் என்றால் 13 கிலோ அளவே பெரும்பாலும் போதும். பெரிய பை வாங்கினால் பாதுகாப்பு அதிகமாகிவிடாது. சுருங்கிய பை பக்கவாட்டில் படபடத்து நீந்துவதற்குத்தான் இடைஞ்சல். மட்டக்களப்புக்கு அருகே 1942 ஏப்ரலில் மூழ்கிய ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலுக்கு 50 மீட்டருக்குக் கீழே, இரட்டைச் சிலிண்டரோடு இறங்குபவருக்குக் கணக்கு வேறு. அவருக்குப் பெரிய சிறகு வேண்டும். சட்டை வகையை முழுக்க ஊதிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நெஞ்சை இறுக்கினால் கடலில் இன்னும் இறுக்கும்.

பையில் காற்றை விடவும் எடுக்கவும் உள்ள பொத்தான்களுக்கு ‘ஏற்று’, ‘இறக்கு’ என்று நம் சொற்பட்டியலில் போட்டிருக்கிறது. தயவுசெய்து மாற்றுங்கள். புதியவர் அதை லிஃப்ட் பொத்தானாக நினைத்து, மேலே போக ‘ஏற்று’ அமுக்குவார். மேலே போகப் போகப் பையில் உள்ள காற்று விரியும், வேகம் கூடும், நுரையீரலுக்கே ஆபத்து. மேலேறும்போது செய்ய வேண்டியது நேர்மாறு: இடது கையால் பையின் குழாயைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் காற்றை வெளியேற்றிக்கொண்டே வர வேண்டும். ‘நிரப்பு’, ‘நீக்கு’ போதும். சைக்கிள் கடைத் தமிழில் ‘அடி’, ‘பிடுங்கு’ என்றால் யாருக்கும் உடனே புரியும். கையேட்டில் போட உங்களுக்குத் துணிச்சல் உண்டா தெரியவில்லை!

வரையறை இப்படி இருக்கலாம்: “மிதப்பு ஈட்டுப்பை: முக்குளிப்பவர் நீருக்கடியில் தம் மிதப்பில் ஏற்படும் மாற்றத்துக்கு ஈடாகக் காற்றை நிரப்பியும் நீக்கியும் பயன்படுத்தும், உடலோடு பிணைத்த பை. உயிர்காப்புச் சட்டைக்கு மாற்று அன்று.”

கடைசி வாக்கியம் வரையறைக்குள் வரலாமா, அடிக்குறிப்பாகப் போக வேண்டுமா? உள்ளேயே இருக்கட்டும் என்பது என் கட்சி. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.