வீட்டு வைஃபை, நாலைந்து கணினி: கோளாறு எங்கே என்று பிடித்த அனுபவங்கள்

திருச்சியிலிருந்து:

வீட்டில் யாராவது "நெட் வரலை" என்றால் நான் முதலில் கேட்பது, எல்லாருக்கும் வரலையா, உனக்கு மட்டும் வரலையா என்பதுதான். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். எல்லாருக்கும் இல்லை என்றால் வெளியிலிருந்து வரும் இணைப்பையோ ரவுட்டரையோ பார்க்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் இல்லை என்றால் அந்தக் கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான் சிக்கல். இதைப் பிரித்துப் பார்க்காமல் நெட் கம்பெனிக்குப் போன் போட்டால் "ரவுட்டரை அணைச்சுப் போடுங்க" என்பார்கள். அப்போதைக்குச் சரியாகும், மறுபடியும் போகும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, வீட்டிலிருந்தே கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர். கீழே இரண்டு கணினி, மாடியில் அவருடைய லேப்டாப்பும் மகளுடைய லேப்டாப்பும், ஒரு பிரிண்டர். கரண்ட் போய் வந்தால் மாடியில் நெட் இருக்காது, ஆனால் வைஃபை சின்னம் முழுசாக நிற்கும். சில நாள் கீழே உள்ள கணினியும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். நெட் கம்பெனி ஆள் வந்து பார்க்கும் நேரத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடும். "தம்பி, புது ரவுட்டரே வாங்கிடலாமா? மாசக் கடைசியில ரிட்டர்ன் போட உட்கார்ந்தா உயிர் போகுது" என்று ஒருநாள் கேட்டார். வாங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்றேன்.

கரண்ட் போய் வந்த ஒரு சாயங்காலம் போனேன். மாடி லேப்டாப்பில் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கணினிக்குக் கிடைத்த எண்ணைப் பார்த்தால் 192.168.0.104. கீழே ஓடிக்கொண்டிருந்த கணினியில் 192.168.1.7. மூன்றாவது எண்ணைப் பாருங்கள், ஒன்றில் 0, இன்னொன்றில் 1. ஒரே வீட்டில், ஒரே வைஃபை பெயரில் இருக்கும் இரண்டு கணினிக்கு இப்படி வரவே கூடாது. முகவரி கொடுக்கிற ஆள் வீட்டுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

பழைய இணைப்புக்கு வைத்திருந்த ரவுட்டரை, மாடிக்கும் சிக்னல் வரட்டும் என்று யாரோ கீழிருந்து கேபிள் இழுத்து மாட்டியிருந்தார்கள். அதே பெயர், அதே பாஸ்வேர்ட். யோசனை நல்லதுதான், நானும் அதைத்தான் செய்யச் சொல்வேன். ஆனால் கேபிளை வீட்டுக் கணினிகளுக்கான லேன் போர்ட்டில் மாட்டிவிட்டு, அதன் டிஎச்சிபியை, அதாவது முகவரி கொடுக்கும் வேலையை, அணைக்காமல் விட்டிருந்தார்கள். கணினி ஒவ்வொன்றும் வைஃபையில் சேரும்போது "எனக்கொரு முகவரி கொடு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்கும். வழக்கமாக யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர் கொடுத்ததை எடுத்துக்கொள்ளும். பழைய ரவுட்டர் கொடுத்தால் "வெளியே போக வேண்டுமா, என் வழியாகப் போ" என்று தன்னையே வாசலாகக் காட்டும். வெளி இணைப்பு வர வேண்டிய அதன் வான் போர்ட்டிலோ ஒன்றுமே மாட்டவில்லை. சிக்னல் முழுசாக இருந்தும் நெட் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் ஏன் கரண்ட் போய் வந்த பிறகு மட்டும்? கீழே இருப்பது ஃபைபர் பெட்டி. அது எழுந்து, ஒளியிழையில் இணைப்புப் பிடித்து, வைஃபையைத் திறக்க நேரம் எடுக்கும். மாடியில் உள்ள பழையது சின்னப் பெட்டி, சீக்கிரம் எழுந்துவிடும். லேப்டாப்புகள் பேட்டரியில் ஓடிக்கொண்டே காத்திருக்கும், முதலில் தெரிந்த வைஃபையில் ஏறி முகவரி வாங்கிவிடும். ஒருமுறை வாங்கினால், அந்த முகவரி செல்லுபடியாகும் குத்தகைக் காலம் பாதி முடியும்போது கொடுத்தவரிடமே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். அதனால்தான் தானாகச் சரியாகாமல் மணிக்கணக்கில் அப்படியே கிடந்தது.

சரி செய்தது சுலபம். பழைய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் டிஎச்சிபியை அணைத்தேன். அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். கீழே உள்ள பெட்டி 192.168.1.10-இல் தொடங்கி முகவரி கொடுக்கும்படி வைத்தேன், 2 யாருக்கும் போய்விடக் கூடாதே. பிரிண்டருக்கு நிலையான ஒரு முகவரி ஒதுக்கினேன். புது ரவுட்டர் செலவு மிச்சம். கையோடு, கரண்ட் போனாலும் அணையாமல் இருக்க, ஃபைபர் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. முகவரி 169.254 என்று தொடங்கினால் யாருமே முகவரி கொடுக்கவில்லை, கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போதும் கோளாறு வீட்டுக்குள்தான்.

சென்னையிலிருந்து:

எங்களுடையது அடுக்குமாடிக் குடியிருப்பு. இங்கே பிரச்சினை காற்றிலேயே இருந்தது. போனில் வைஃபை அலசும் செயலியைப் போட்டுப் பார்த்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து வீட்டுப் பெயர்கள் இருபதுக்கு மேல் வரிசை கட்டி நிற்கின்றன.

அந்த அலைவரிசையில் நம் ஊரில் 13 சேனல் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு சிக்னலின் அகலம் 20. எனவே ஒன்றோடொன்று மோதாமல் இருப்பவை 1, 6, 11. என் ரவுட்டர் "ஆட்டோ"வில் 3-இல் போய் உட்கார்ந்திருந்தது, அதுவும் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில். கூட்டம் இல்லாத சேனல் என்று 3-ஐப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள், அது சரியில்லை. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் பேசும். பாதி பாதி மோதும் சேனலில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் வெறும் இரைச்சல்தான் கேட்கும். 1-இல் போட்டு அகலத்தை 20-ஆகக் குறைத்தேன். ஸ்பீட் டெஸ்ட்டில் எண் குறைந்தது, ஆனால் பின்னறைக் கணினி அறுந்து அறுந்து வருவது நின்றது. எனக்கு வேண்டியது அதுதான்.

ரவுட்டர் இருந்த இடமும் மோசம். டிவிக்குப் பின்னால் மர ஷோகேஸுக்குள், நடைபாதையில் இரும்பு பீரோ வேறு. பின்னறையில் சிக்னல் மைனஸ் 78 டிபிஎம் காட்டியது (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர நல்லது). வெளியே எடுத்து லாஃப்ட் மேல் வைத்ததும் மைனஸ் 63. வீடியோ கால் ஒழுங்காகப் போக மைனஸ் 67-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. ஹாலில் உள்ள லேப்டாப்புகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டேன். அதில் கூட்டம் குறைவு, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். பின்னறைக்கு அது சரிப்படவில்லை.

மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. அடுப்படியை ஒட்டி மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள்.

கோவையிலிருந்து:

திருச்சி அண்ணன் சொன்னதற்கு அடுத்த படி, பிங், அதாவது ஒரு முகவரிக்குச் சின்னத் தகவல் அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பது. முதலில் ரவுட்டருக்கு, அப்புறம் வெளியே உள்ள கூகுள் சர்வரான 8.8.8.8-க்கு, கடைசியாக ஒரு தளத்தின் பெயருக்கு. முதலாவதிலேயே தடுமாறினால் வைஃபை. இரண்டாவதில் என்றால் பெரும்பாலும் வெளி இணைப்பு. மூன்றாவது மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை.

எங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் என் ஆபீஸ் கால் இழுக்கும். ரவுட்டருக்கு 3 மில்லி செகண்டில் பதில் வருகிறது, 8.8.8.8-க்கு 15-இல் இருந்தது 600-ஐத் தாண்டுகிறது. வைஃபையைக் குறை சொல்ல வழியில்லை. யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், அந்த நேரத்தில்தான் எல்லாருடைய போனும் வீட்டுக்கு வந்து அன்றைய படங்களையும் வீடியோக்களையும் மேலே ஏற்றத் தொடங்குகிறது. அப்லோட் நிரம்பினால் வரிசை பெட்டிக்குள்ளேயே தேங்கி, என் குரலும் அந்த வரிசைக்குப் பின்னால் நிற்க வேண்டியதாகிறது. டவுன்லோடும் மந்தமாகும், ஏனென்றால் வந்து சேர்ந்தது என்ற ஒப்புதலும் மேலேதான் போக வேண்டும். ரவுட்டரில் மொத்த அப்லோடுக்கு, இணைப்பின் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக வரம்பு போட்டேன். ஏற்றம் மெதுவாகிறது, கால் இழுப்பதில்லை.

நாகர்கோவிலிலிருந்து:

வெளி ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகினால் மட்டும் என் தம்பி லேப்டாப்பில் வைஃபை போகும். யூஎஸ்பி 3 கேபிளிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது. இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. நல்ல உறை போட்ட நீளமான கேபிள் மாற்றி டிஸ்க்கைத் தள்ளி வைத்தோம், போய்விட்டது.

தஞ்சாவூரிலிருந்து:

திருச்சி அண்ணே, அப்பாவோட பழைய கணினிக்கு மட்டும் எங்க வீட்டு வைஃபை பெயரே தெரிய மாட்டேங்குது. பக்கத்து வீட்டுப் பெயரெல்லாம் வருது. புது ரவுட்டர் போட்டதுல இருந்துதான்.

திருச்சியிலிருந்து:

தம்பி, பெயரே தெரியவில்லை என்றால் பாஸ்வேர்ட் பக்கமே போக வேண்டாம். முதலில் ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் இயங்குகிறதா என்று பாருங்கள், பழைய வைஃபை கார்டுகள் பலவற்றுக்கு 5 தெரியாது. இயங்குகிறது என்றால் சேனல் எண்ணைப் பாருங்கள். அமெரிக்க விதிப்படி அமைத்த கார்டுகள் பல 12, 13 இரண்டையும் எட்டிப் பார்க்காது. பெயர் தெரிந்தும் சேரவில்லை என்றால் அப்போது பாதுகாப்பு முறை, டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2-உம் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள். டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறையை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், அதில் வேகம் 54 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது.

தஞ்சாவூரிலிருந்து:

சேனல் 13-லதான் இருந்தது அண்ணே. 6-க்கு மாத்தினதும் பெயர் வந்துடுச்சு, பாஸ்வேர்ட் போட்டதும் சேர்ந்துடுச்சு. முகவரியும் பார்த்துட்டேன், 192.168.1-லதான் இருக்கு.