புதுப்பிப்பு: பவர்பாயின்ட்டில் புள்ளி வரிகள் கோணலாக நின்றது சரியாகிவிட்டது

கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி. வண்ணாரப்பேட்டை டியூஷன் பிள்ளைகளுக்கான ஸ்லைடுகளில், புள்ளி வைத்த வரி மடங்கினால் இரண்டாம் வரி புள்ளிக்கு நேர் கீழே போய் நிற்கிறது என்று கேட்டிருந்தேன்.

ஸ்பேஸ் தட்டித் தட்டி நகர்த்தியது என் தப்புதான். எழுத்தளவை மாற்றியதும் எல்லாம் கலைந்தது. முதலில் அந்த ஸ்பேஸ்களை அழித்தேன். ரூலரை (ஸ்லைடுக்கு மேலே தெரியும் அளவுகோல்) பார்க்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான் பலித்தது: வியூ மெனுவில் ரூலரை டிக் செய்து, வரிகளைத் தேர்ந்தெடுத்து, ரூலரிலுள்ள கீழ் முக்கோணத்தை வலப்பக்கம் இழுத்தேன். அதன் அடியிலுள்ள சதுரத்தைப் பிடித்தால் மேல் முக்கோணமும் கூடவே நகரும். அதில் அரைமணி நேரம் போச்சு!

40 ஸ்லைடுக்கும் ஒரேயடியாக ஸ்லைடு மாஸ்டரில் (எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான அச்சு) மாற்றினேன். எதிர்பாராதது, நானாகச் செருகிய டெக்ஸ்ட் பாக்ஸ்கள் மட்டும் அசையவில்லை. அவை மாஸ்டருக்குக் கட்டுப்படாது. ஒவ்வொன்றாகத்தான் திருத்தினேன்.