ரீப்ரொட்யூஸ் ஆகாத பிழையை மூடிவிடலாமா?

செமிகோலன்:
நான் பராமரிக்கும் சின்னத் திறமூல நிரலுக்கு ஒரு விதி வைக்கலாம் என்றிருக்கிறேன். ரீப்ரொட்யூஸ் செய்ய, அதாவது பிழையைத் திரும்ப வரவழைக்க, என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாக எழுதாத பிழை ரிப்போர்ட் இரண்டு வாரத்தில் மூடப்படும். "ஆப் ஓபன் ஆகல, சீக்கிரம் சரி பண்ணுங்க" என்று ஒற்றை வரி வருகிறது. எந்த வெர்ஷன், லினக்ஸின் எந்த வகை (டிஸ்ட்ரோ), டெர்மினலில் என்ன வந்தது, எதுவும் கிடையாது. திருப்பிக் கேட்டால் ஆளையே காணோம். ஆபீஸ் வேலை முடித்து ராத்திரி உட்காருகிறவன் ஜோசியமா பார்க்க முடியும்?

திருகாணி:
இப்படி விதி வைத்திருந்தால் உபுண்டு லினக்ஸின் செவ்வாய்க்கிழமைப் பிழை பிடிபட்டே இருக்காது. தெரியாதவர்களுக்காக: 2008, 2009 வாக்கில் சிலருக்கு ஓப்பன் ஆபீஸ் என்ற ஆவண நிரலிலிருந்து பிரிண்ட் வரவில்லை. ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. செவ்வாய்க்கிழமைகளில்தான் வருவதில்லை என்று கவனித்தது ஒரு பயனரின் மனைவி. கடைசியில் பார்த்தால் ஓப்பன் ஆபீஸ் மேல் தப்பே இல்லை. ஒரு கோப்பு எந்த வகை என்று சொல்லும் 'ஃபைல்' என்ற குட்டி நிரல்தான் காரணம். எர்லாங் என்ற நிரல்மொழியின் ஜாம் வகைக் கோப்பை அடையாளம் காண அதில் கிழமை, தேதி, நேரம் எல்லாம் சேர்ந்த ஒரு நீளமான எழுத்துச் சரம் இருந்தது. சரம் இன்னும் முடியவில்லை என்று காட்டும் பேக்ஸ்லாஷ் குறி இடைவெளிகளுக்கு முன்னால் விட்டுப்போக, தொடக்கத்தில் இருந்த ட்யூஸ்டேயின் முதல் மூன்று எழுத்து மட்டுமே ஒப்பிடப்பட்டது. அச்சுக்குப் போகும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பின் தலைப்பகுதியில் அன்றைய நாள் இருக்கும். செவ்வாய் என்றால் அது எர்லாங் கோப்பாகிவிடும், பிரிண்டர் ஸ்கிரிப்டும் கையை விரித்துவிடும்.

செமிகோலன்:
இது என் கட்சிக்குத்தான் சாட்சி. 'செவ்வாய் மட்டும் வராது' என்பதே ரீப்ரொட்யூஸ் செய்யும் வழி. கணினித் தேதியை மாற்றி வைத்து எவரும் சோதிக்கலாம். அதற்கு முந்தைய வெறும் 'பிரிண்ட் வரல'களைத்தான் மூடச் சொல்கிறேன்.

திருகாணி:
அந்த 'வரல'கள் திறந்து கிடந்ததால்தானே, இதுவும் அதே பிழை போலிருக்கிறது என்று அந்தப் பயனர் வந்து எழுத முடிந்தது? மூடியிருந்தால் அவர் புதிதாக ஒன்று திறப்பார், அதையும் நீங்கள் மூடுவீர்கள்.

அரைக்கீற்று:
கோட் தெரியாதவன் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். ஒரு எடிட்டரில் 'கொடி' என்று தேடினால் சில கோப்புகளில் கிடைக்கிறது, சிலவற்றில் இல்லவே இல்லை என்கிறது. சொல் கண்ணெதிரே இருக்கிறது! படிகள் எழுதினேன், ஸ்கிரீன்ஷாட் போட்டேன். "எங்களிடம் சரியாக வேலை செய்கிறது, மெயின் கிளையை கம்பைல் செய்து பாருங்கள்" என்று பதில். கம்பைல் என்றால் மூலக் கோடிலிருந்து நாமே நிரலை உருவாக்குவது என்று தேடித் தெரிந்துகொள்ளவே ஒரு சாயங்காலம் போயிற்று.

திருகாணி:
உங்கள் பிழைக்குக் காரணம் சொல்லட்டுமா? யூனிகோடில் 'கொ' இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம். அல்லது முன்னால் தெரியும் கொம்பும் பின்னால் தெரியும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் ஸ்கிரீன்ஷாட்டால் பயனில்லை. தேடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத நிரல் அவற்றை வேறு வேறு சொல்லாகவே பார்க்கும். டெவலப்பர் தன் விசைப்பலகையில் தட்டியே கோப்பையும் உருவாக்கி, தட்டியே தேடியிருப்பார். எத்தனை முறை செய்தாலும் அவருக்குப் பிழை வராது. அந்தக் கோப்பையே இணையுங்கள், குறியீடுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். செமிகோலன், இவர் உங்கள் விதிப்படி படிகள் எல்லாம் எழுதியிருக்கிறார், கவனியுங்கள்.

செமிகோலன்:
சரி, படிகளோடு மாதிரிக் கோப்பும் வேண்டும் என்று விதியில் சேர்க்கிறேன். ஆனால் கையில் ரீப்ரொட்யூஸ் இருந்தால் கிடைக்கும் வசதியைப் பாருங்கள். பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று பாதி பாதியாகத் தேடும் கிட் பைசெக்ட்டுக்கு நல்ல கமிட் (பதிவான கோட் மாற்றம்) ஒன்று, கெட்ட கமிட் ஒன்று சொன்னால், நடுவில் 1000 கமிட் இருந்தாலும் சுமார் 10 சோதனையில் குற்றவாளியைக் காட்டிவிடும். சோதனையை ஸ்கிரிப்டாக எழுதிக் கொடுத்தால் தானே ஓடும். நடுவில் ஏதோ கமிட் பில்ட் ஆகாவிட்டால் ஸ்கிரிப்ட் 125 என்ற எண்ணைத் திருப்பினால் போதும், அதைத் தாண்டிப் போய்விடும். ரீப்ரொட்யூஸ் இல்லையென்றால் இதில் எதுவுமே நடக்காது.

பொரிகடலை:
இடையில் புகுகிறேன். ரீப்ரொட்யூஸ் இருந்தால் வேலை முடிந்தது என்கிற மாதிரி இருவரும் பேசுகிறீர்கள். பிஎச்பி நிரல்மொழியின் துருக்கிப் பிழை 2002-இல் பதிவானது. லொக்கேலை, அதாவது மொழி அமைப்பை, துருக்கிக்கு மாற்றினால், ஆங்கிலப் பெரிய 'ஐ' எழுத்துள்ள கிளாஸ் (கோட் தொகுதி) பெயர்கள் கிடைக்காமல் போகும். துருக்கி மொழியில் புள்ளி வைத்த 'ஐ'யும் வைக்காததும் தனி எழுத்துகள், அதனால் பெயரைத் தேடும்போது பெரிய எழுத்தைச் சின்னதாக்கும் விதியே வேறு. சில வரி கோட் போதும், எவர் கணினியிலும் வரவழைக்கலாம். தீர்ந்தது 2013-இல், 5.5 வெர்ஷனில். பத்து வருஷத்துக்கு மேல் படிகள் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தன.

செமிகோலன்:
அது ஆள் பற்றாக்குறை, முன்னுரிமைப் பிரச்சினை. அதற்கும் என் விதிக்கும் சம்பந்தமில்லை.

திருகாணி:
சம்பந்தம் உண்டு. உங்களுக்கும் ஆள் பற்றாக்குறைதான், அதைப் பயனர் தலையில் கட்டுகிறீர்கள். மூடாமல் 'தகவல் தேவை' என்று லேபிள் ஒட்டிவிட்டுப் போங்களேன், யார் அடிக்கப் போகிறார்கள்?

செமிகோலன்:
லேபிள் ஒட்டிய குப்பையும் குப்பைதான். திறந்திருக்கும் எண்ணிக்கையைப் பார்த்து 'இது செத்துப்போன ப்ராஜெக்ட்' என்று போகிறவர்களை என்ன செய்வது? இரண்டு வாரம் போதாதென்றால் இரண்டு மாதம் தருகிறேன். மூடுவது மூடுவதுதான்.

அரைக்கீற்று:
கோப்பை இணைத்துவிட்டேன், ஹெக்ஸ்டம்ப்போடு. திருகாணி சொன்னது சரி, கொம்பும் காலும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. 'கோ', 'கௌ' இரண்டுக்கும் இதே கதையா?

திருகாணி:
ஆமாம், இதே கதைதான். அவற்றையும் அதே ரிப்போர்ட்டில் எழுதுங்கள், புதிதாகத் திறக்க வேண்டாம்.