புதுப்பிப்பு: அண்ணன் ஒருவரா, மூவர் குழுவா?

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: எங்கள் தமிழ்ச் சொல்திருத்தியில் நிரலைச் சேர்க்கும் உரிமை ஒரே அண்ணனிடம்தான், அவர் ரிசர்விஸ்ட் (ராணுவ மறுபயிற்சி) போனால் இரண்டு வாரம் எல்லாமே நிற்கிறது, என்ன செய்யலாம் என்று. மூவர் குழு வையுங்கள் என்றீர்கள். வைத்தோம்.

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் தே தாரிக் ஆறும்வரை பேசினோம். அண்ணன் கோபப்படுவார் என்று பயந்தேன், அவரோ "அப்பாடா, இனி ராத்திரி நிம்மதியாத் தூங்குவேன்" என்று அப்போதே கைப்பேசியில் எங்கள் இருவருக்கும் உரிமை கொடுத்துவிட்டார். சரி, தீர்ந்தது என்று பார்த்தால், 'கருப்பு' என்று எழுதினால் சிவப்புக் கோடு போடுவதா, 'கறுப்பு' மட்டும்தான் சரியா என்று மூவரும் 11 நாள் மல்லுக்கட்டினோம். அண்ணன் தனியாக இருந்திருந்தால் ஒரே சாயங்காலத்தில் முடித்திருப்பார். கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டோம்.

பைத்தான் நிரல்மொழியை உருவாக்கி, கடைசி முடிவைத் தானே எடுத்துவந்த கைடோ வான் ரோசம் 2018 ஜூலையில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகியதும் பெப் 572 என்ற மொழிமாற்ற முன்மொழிவுச் சண்டையில் சலித்துப்போய்த்தான். 2019இல் ஐவர் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் ஒரே நிறுவனத்து ஆட்கள் இருவருக்கு மேல் இருக்கக்கூடாது. நமக்கு அதெல்லாம் அதிகம், ஆளே ஆறு பேர். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தில் தலைவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறார்களே, அதை மட்டும் எடுத்துக்கொண்டோம். அகராதி, நிரல், வெளியீடு என்று ஆளுக்கொன்று, அவரவர் பகுதியில் அவர் சொல்வதே முடிவு, ஓராண்டுக்கு.

அகராதி என் தலையில் விழுந்திருக்கிறது. அடுத்து 'கோர்வை'யா 'கோவை'யா என்று வரும். தயவுசெய்து இங்கே யாரும் ஆரம்பிக்காதீர்கள்.